பிராங்கிளின் பள்ளிக்கூடம் போனது 2 வருஷம்தான், ஆனால்...

கேள்வி, ஜூன் 11

என் மகன் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். பதினொன்றில் சேர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கேட்டால், "பெஞ்சமின் பிராங்கிளின் இரண்டே வருஷம்தான் ஸ்கூல் போனார். பட்டம் விட்டு மின்னலைப் பிடித்தார். ஒரு நாட்டையே உருவாக்கினார்" என்கிறான். அந்த மனிதர் நிஜமாகவே அவ்வளவுதான் படித்தாரா? பட்டம் விட்ட கதை உண்மையா? இன்று ராத்திரி அவனிடம் பேச வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், ஜூன் 11, மாலை

இரண்டு வருஷம் என்பது சரிதான். 1706 ஜனவரி 17 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தவர். அப்பாவுக்கு மெழுகுவர்த்தியும் சோப்பும் காய்ச்சுகிற தொழில். இரண்டு தாரத்துக்கும் சேர்த்து 17 பிள்ளைகள், இவர் பதினைந்தாவது. பாதிரியார் ஆக்கலாம் என்று 8 வயதில் இலக்கணப் பள்ளியில் விட்டார்கள். கல்லூரி வரை செலவு தாங்காது என்று தெரிந்ததும் அங்கிருந்து எடுத்து, எழுத்தும் கணக்கும் மட்டும் சொல்லித்தரும் பள்ளியில் போட்டார்கள். எழுத்து வந்தது. கணக்கில் தோற்றார். 10 வயதில் படிப்பு முடிந்தது. அப்பாவோடு திரி வெட்டினார், அச்சில் கொழுப்பு ஊற்றினார், கடையைப் பார்த்துக்கொண்டார். 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழக எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பட்டமும் உண்மைதான். 1752 ஜூன். மேகத்திலிருந்து மின்சாரத்தை முதல்முதலாக இறக்கிக் காட்டியவர் அவர். கூட நின்றது அவருடைய சின்னப் பையன்.

மகனிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அவர் பள்ளியை விடவில்லை, அவரைப் பள்ளியிலிருந்து எடுத்தார்கள். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். நான் வீடுகளுக்கும் கட்டடங்களுக்கும் ஒயரிங் செய்கிறவன், 26 வருஷமாக. ஐ.டி.ஐ.யில் ஒரு வருஷம் படித்தேன், வீட்டு நிலைமையால் அடுத்த வருஷம் போக முடியவில்லை. அதனால்தான் இந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

ஜூன் 11, இரவு

மாலையில் எழுதியதில் இரண்டு தவறு. நீங்கள் மகனிடம் பேசுவதற்குள் திருத்திவிடுகிறேன்.

முதல்முதலில் செய்து காட்டியவர் பிராங்கிளின் இல்லை. யோசனை அவருடையது. உயரமான இடத்தில் ஒரு கூண்டு, அதிலிருந்து மேலே நீளும் கூரான இரும்புக் கம்பி, மேகம் வரும்போது அதில் பொறி வருகிறதா பார்க்க வேண்டும் என்று 1750-லேயே எழுதி லண்டனுக்கு அனுப்பியிருந்தார். அது புத்தகமாகி, பிரெஞ்சுக்குப் போய், தாலிபார் என்பவர் பாரிசுக்குப் பக்கத்தில் மார்லி என்ற ஊரில் 40 அடிக் கம்பி நட்டார். 1752 மே 10 அன்று இடிமேகம் வந்தபோது தாலிபார் ஊரில் இல்லை. காவலுக்கு வைத்திருந்த கோய்ஃபியே என்ற பழைய ராணுவ வீரர்தான் போய்ப் பொறியை எடுத்தார். பிராங்கிளின் பட்டம் விட்டபோது இந்தச் செய்தி அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மகன் வில்லியம் சின்னப் பையனும் இல்லை. இருபதைத் தொட்ட வாலிபர். படங்களில்தான் சிறுவனாக வரைந்துவிட்டார்கள்.

பட்டத்தைப் பற்றி இன்னொன்று. அதன் மேல் மின்னல் விழவே இல்லை. விழுந்திருந்தால் அவருடைய கதை அங்கேயே முடிந்திருக்கும். தேவதாரு மரக் குச்சி இரண்டைக் குறுக்கே கட்டி, அதில் பெரிய பட்டுக் கைக்குட்டையை விரித்தார். காகிதம் மழையில் கிழியும், பட்டு தாங்கும். உச்சியில் ஓர் அடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்க் கம்பி. கீழே வருவது சணல் நூல், கையில் பிடிப்பது பட்டு நாடா, இரண்டும் சேருகிற முடிச்சில் ஒரு சாவி. நாடா நனையக் கூடாது என்பதால் ஆள் கூரைக்கு அடியில் நிற்க வேண்டும். மேகம் மேலே வந்ததும் நூலின் பிசிறுகள் மயிர்க்கூச்செறிந்த மாதிரி விறைத்து நின்றன. விரல் முட்டியைச் சாவிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், சுரீர் என்று பொறி. மேகத்தில் இருப்பதும் கண்ணாடியைத் தேய்த்தால் வருவதும் ஒன்றுதான் என்று அந்தப் பொறி சொன்னது.

ஆபத்து விளையாட்டு இல்லை. அடுத்த வருஷம், 1753 ஆகஸ்டில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிச்மான் என்ற பேராசிரியர் வீட்டுக்குள் கம்பி இழுத்து அளந்துகொண்டிருந்தபோது நெற்றியில் அடித்து அங்கேயே இறந்தார். இதையும் பையனிடம் சொல்லுங்கள். மொட்டை மாடியில் எதையாவது செய்து பார்க்கப் போகிறான்.

ஜூன் 12

"பள்ளிக்கூடம் இல்லாமல் எப்படிக் கற்றார் என்று பையன் கேட்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. இதற்குத்தான் நான் காத்திருந்தேன்.

பதினாறு வயது இருக்கும். அண்ணன் இவருடைய சாப்பாட்டுக்கு வெளியே ஓர் இடத்தில் காசு கட்டிக்கொண்டிருந்தார். கறி சாப்பிடுவதை விட்டுவிட்டு, "அந்தக் காசில் பாதியை என்னிடம் கொடு, நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அந்தப் பாதியிலும் பாதி மிச்சம். அது புத்தகத்துக்கு. மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், ஒரு துண்டு ரொட்டி, ஒரு கைப்பிடி உலர்திராட்சை, ஒரு குவளைத் தண்ணீரோடு காலி அச்சகத்தில் உட்கார்ந்து படித்தார்.

எழுதக் கற்ற விதம்தான் அருமை. ஒரு நண்பனோடு கடிதத்தில் வாதம் செய்துகொண்டிருந்தார். அப்பா அந்தக் கடிதங்களைப் பார்த்துவிட்டு, எழுத்துப் பிழை இல்லை, நிறுத்தக்குறி சரி, ஆனால் ஒழுங்கும் தெளிவும் போதாது என்று வரி வரியாகக் காட்டினார். அப்போது லண்டன் இதழான 'ஸ்பெக்டேட்டர்' கட்டுரைகளில் ஒரு தொகுதி கையில் கிடைத்தது. ஒரு கட்டுரையைப் படிப்பார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு மூன்று சொல்லில் குறிப்பு எடுப்பார். சில நாள் தொடாமல் வைப்பார். பிறகு குறிப்பை மட்டும் வைத்துக் கட்டுரையைத் தன் சொல்லில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் தப்பைத் திருத்துவார். சொல்வளம் போதவில்லை என்று தோன்றியதும் கதைகளைச் செய்யுளாக்கி, மறந்த பிறகு மறுபடி உரைநடையாக்கினார். குறிப்புகளைக் கலைத்துப்போட்டு, சில வாரம் கழித்து வரிசைப்படுத்தினார்.

இதை நானும் செய்திருக்கிறேன். ஆறேழு வருஷம் முன்பு, டெண்டருக்கு விவரக் கடிதம் எழுத வேண்டியிருந்தபோது. ஒரு நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரையை எடுத்து, மின்கட்டண அட்டையின் பின்பக்கம் குறிப்பு எழுதி, நாலு நாள் கழித்து எழுதினேன். ஒப்பிட்டால், கட்டுரைக்காரர் ஐந்து சொல்லில் முடித்ததை நான் பதினைந்து சொல்லில் இழுத்திருந்தேன். எந்த வாத்தியாரும் எனக்கு அவ்வளவு துல்லியமாகக் குறை சொன்னதில்லை. மூன்று மாதம் விடாமல் செய்தேன். இன்றைக்கு நான் எழுதுவது ஓரளவு ஒழுங்காக இருந்தால் அந்த மூன்று மாதம்தான் காரணம்.

ஜூன் 12, இரவு

ஒன்று விட்டுப்போனது. பள்ளியில் தோற்ற கணக்கை அதே பதினாறு வயதில், தெரியாததால் ஓர் இடத்தில் வெட்கப்பட நேர்ந்த பிறகு, ஒரு கணக்குப் புத்தகத்தை வாங்கித் தானே முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை போட்டு முடித்தார். சுலபமாக வந்தது என்கிறார். பின்னாளில் சட்டசபையில் எழுத்தராக உட்கார்ந்திருந்தபோது, பேச்சு சலிக்கும் நேரமெல்லாம் எட்டுக்கு எட்டு மாயச் சதுரம் (எந்த வரிசையைக் கூட்டினாலும் ஒரே தொகை வரும் எண் கட்டம்) போட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 14

ஒரு நண்பர் கேட்கிறார்: "இடிதாங்கியை அவர் கண்டுபிடித்தார் என்கிறார்களே, நம் கோபுரக் கலசம் அதற்கு முன்பே இடிதாங்கிதானே?" வாட்சப்பில் எனக்கும் வருஷத்துக்கு நாலு தடவை இது வருகிறது. இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கலசம் செம்பு, உயரத்தில் இருக்கிறது, கூராக இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் அதிலிருந்து மண்ணுக்கு என்ன போகிறது? செங்கல்லும் சுண்ணாம்பும் கருங்கல்லும். இடிதாங்கி என்பது மேலே நிற்கும் கம்பி இல்லை. அதிலிருந்து அறுபடாமல் கீழே இறங்கி ஈர மண்ணுக்குள் போகும் பாதைதான் இடிதாங்கி.

சில வருஷம் முன்பு ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை. மழைநாளில் இடி விழுந்து, டிவி, இன்வெர்ட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாம் போய்விட்டன, சுவர் மூலையில் பிளாஸ்டர் பெயர்ந்திருந்தது. "மேலே அரெஸ்டர் (இடிதாங்கி) இருக்கிறதே, அப்புறம் எப்படி?" என்று மேலாளருக்குக் கோபம். ஏறிப் பார்த்தேன். அஞ்சு முள் வைத்த அழகான அரெஸ்டர், பளபளவென்று இருந்தது. காப்பர் ஸ்ட்ரிப்பைத் தொட்டுக்கொண்டே இறங்கினேன். தரையிலிருந்து ஏழடி உயரத்தில் வெட்டுப்பட்டு நின்றது. கீழே இருந்ததை யாரோ பழைய சாமான் கடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எர்த் குழியைத் திறந்தால் மண் புழுதியாகக் கிடக்கிறது, தண்ணீர் ஊற்றி வருஷம் ஆகியிருக்கும். மண்ணுக்குப் போகும் பாதையின் மின்தடை 10 ஓமுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் எர்த் டெஸ்டரில் முள் நிற்கவே இல்லை. குழியைப் புதிதாகத் தோண்டி, ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, ஸ்ட்ரிப்புக்குக் கடைசி பத்தடி குழாய் உறை மாட்டிக் கொடுத்தேன்.

இப்போது தான் அச்சிட்டு விற்ற 1753-ஆம் வருஷப் பஞ்சாங்கத்தில் பிராங்கிளின் என்ன எழுதினார் பாருங்கள். இரும்புக் கம்பி. ஒரு முனை ஈர மண்ணில் மூன்று நாலடி இறங்க வேண்டும். மறுமுனை கட்டடத்தின் உச்சிக்கு மேல் ஆறு அல்லது எட்டடி நிற்க வேண்டும். உச்சியில் பின்னல் ஊசி கனத்தில் ஓர் அடிப் பித்தளைக் கம்பி, கூர் தீட்டியது. ஈர மண் என்று அவர் எழுதிய இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். 270 வருஷம் ஆகிறது. அந்த மண்டபத்துக்காரருக்கு நான் சொன்னதும் அதுதான்.

தமிழில் "இடிதாங்கி" என்று பெயர் வைத்தவர் யாரோ, நன்றாக வைத்திருக்கிறார். பிராங்கிளின் முதலில் நினைத்தது வேறு. கூர்முனை மேகத்தின் மின்சாரத்தைச் சத்தமில்லாமல் உறிஞ்சிவிடும், இடியே விழாது என்று நம்பினார். கூர்முனைக்கு அந்தக் குணம் இருப்பதை அவருக்குக் காட்டியது நண்பர் ஹாப்கின்சன். விழுந்தாலும் கம்பி வழியாகப் போய்விடும் என்பதையும் பிராங்கிளின் சேர்த்தேதான் சொன்னார். பிறகு பிலடெல்பியாவில் ஒரு வணிகர் வீட்டுக் கம்பியில் இடி விழுந்து முனை உருகியது, வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாங்கி நின்றது. காலப்போக்கில் அந்த இரண்டாவது வேலைதான் பெரிது என்றாகிவிட்டது.

ஜூன் 14, இன்னும் கொஞ்சம்

இடி இடித்தால் எங்கள் ஆயா "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்பார். ஐரோப்பாவில் அந்த நேரத்தில் தேவாலய மணியை அடிப்பார்கள், சத்தத்தில் மின்னல் கலைந்துபோகும் என்று. ஊரிலேயே உயரமான கட்டடம், நனைந்த கயிறு, அதைப் பிடித்தபடி ஓர் ஆள். 1784-ல் ஜெர்மனியில் வெளிவந்த கணக்கு: 33 வருஷத்தில் 386 கோபுரங்களில் இடி விழுந்து, 103 மணியடிப்பவர்கள் இறந்தார்கள்.  இந்த எண்ணைப் படித்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது.

ஜூன் 15

ஜூன் 12-ல் நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு பையன் தனியாக உட்கார்ந்து எல்லாம் கற்றான் என்று படுகிறது. அது பாதிதான். உங்கள் மகன் தப்பாக எடுத்துக்கொள்வான், எனவே மீதியைச் சொல்கிறேன்.

1723-ல், 17 வயதில், அண்ணனின் அடி தாங்காமல் ஒப்பந்தத்தை முறித்து ஓடி பிலடெல்பியா வந்தார். 1727-ல் அங்கே ஒரு கூட்டம் சேர்த்தார், பெயர் ஜன்டோ. வெள்ளிக்கிழமை மாலை. கண்ணாடி பதிக்கிறவர், நில அளவைக்காரர், செருப்புத் தைக்கிறவர், தச்சர். ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கொண்டுவர வேண்டும், முறை வைத்துக் கட்டுரை எழுதி வாசிக்க வேண்டும். "நான் சொல்வதுதான் சரி" என்று அடித்துப் பேசினால் சின்ன அபராதம். கண்ணாடி பதிக்கும் காட்ஃப்ரே தானாகவே கணிதம் கற்றவர், கடலில் உயரக்கோணம் அளக்கும் கருவி செய்தவர்.

அந்தக் கூட்டத்துக்குப் புத்தகம் போதவில்லை. 1731-ல் சந்தா நூலகம் ஆரம்பித்தார்கள். ஐம்பது பேர், ஆளுக்கு 40 ஷில்லிங் முதலில், பிறகு வருஷம் 10 ஷில்லிங். லண்டனில் இவர்களுக்காகப் புத்தகம் வாங்கி அனுப்பிய துணி வியாபாரி பீட்டர் காலின்சன், செடிகொடியில் பித்து உள்ளவர், ராயல் சொசைட்டி என்ற லண்டன் அறிவியல் சங்கத்தின் உறுப்பினர். 1740-களின் நடுவில் அவர் அந்த நூலகத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாயும், தேய்த்து மின்சாரம் எழுப்பும் குறிப்பும் அனுப்பினார்.

மொத்த மின்சார வேலையும் அந்தக் குழாயிலிருந்துதான் வந்தது. நூலகம் இல்லையென்றால் குழாய் இல்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டம் இல்லையென்றால் நூலகம் இல்லை. குழாயை ஊர்க் கண்ணாடிச் சூளையில் நகல் ஊதச் சொல்லி நண்பர்களுக்குக் கொடுத்தார். வெள்ளி வேலை செய்யும் பிலிப் சிங், கையால் தேய்த்துக் களைத்துப்போகாமல் இருக்க, சாணைக்கல் மாதிரி கைப்பிடி சுற்றினால் கண்ணாடி உருண்டை சுழலும் பொறி செய்தார். கின்னர்ஸ்லி என்ற நண்பர் கூடவே சோதனை செய்தார், ஊர் ஊராகப் போய் விளக்கினார்.

அந்தச் சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது. மின்சாரம் தரைக்கு இறங்காமல் இருக்க இரண்டு பேர் மெழுகுக் கட்டிமேல் நிற்கிறார்கள். ஒருவர் குழாயைத் தேய்க்கிறார், மற்றவர் குழாயிலிருந்து மின்சாரத்தை வாங்கிக்கொள்கிறார். தரையில் நிற்கும் மூன்றாமவர் இருவரில் யாரிடம் விரலை நீட்டினாலும் பொறி வருகிறது. மெழுகில் நிற்கும் இருவரும் ஒருவரையொருவர் தொட்டால் அதைவிடப் பெரிய பொறி. தொட்டபிறகு யாரிடமும் ஒன்றும் இல்லை. இதிலிருந்து அவர் பிடித்தது: மின்சாரத்தை யாரும் உண்டாக்கவில்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது. வாங்கியவரிடம் கூடுதல், கொடுத்தவரிடம் குறைவு. பிளஸ், மைனஸ். கடைக் கணக்கில் வரவும் செலவும் எழுதிப் பழகிய கைக்கு அது வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 1747-ல் காலின்சனுக்கு எழுதினார். நான் தினமும் பேட்டரி முனையில் பார்க்கும் அந்த இரண்டு குறி மெழுகுக் கட்டியிலிருந்து வந்தது. "பேட்டரி" என்ற சொல்லை மின்சாரத்துக்குக் கொண்டுவந்ததும் அவரே.

எது பிளஸ், எது மைனஸ் என்பதை ஊகத்தில்தான் வைத்தார். 1897-ல் எலெக்ட்ரானைக் கண்டபோது ஒயருக்குள் ஓடுவது மைனஸ் பக்கத்து ஆள் என்று தெரிந்தது. படம் போடும்போது இன்றும் நாங்கள் பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு அம்பு போடுகிறோம். ஐ.டி.ஐ.யில் இதைக் கேட்டதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை, பல வருஷம் கழித்து இவருடைய கதையில் கிடைத்தது.

ஜூன் 15, இரவு

1750 டிசம்பரில் வான்கோழியை மின்சாரத்தால் கொல்ல மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் இரண்டு பெரிய கண்ணாடி ஜாடிகளை வைத்துக்கொண்டிருந்தார். பேச்சு மும்முரத்தில் தன் கையையே குறுக்கே கொடுத்துவிட்டார். உடம்பு முழுக்க அடித்துப்போட்டது, நினைவு தப்பியது. சத்தமும் வெளிச்சமும் கூட இருந்தவர்களுக்குத்தான் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. 440 வோல்ட்டில் ஒரு முறை விழுந்து எழுந்த எனக்கு அந்த வரி அப்படியே புரிகிறது. சத்தம் கேட்காது.

ஜூன் 17

அடுப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அறையைச் சூடாக்கும் இரும்பு அடுப்பு, 1740-களின் தொடக்கம். ஆளுநர் அதை விற்கும் தனியுரிமையை அவருக்கே தர முன்வந்தார், மறுத்துவிட்டார். பிறர் கண்டுபிடித்ததை நாம் அனுபவிக்கிறோம், நம்முடையதை நாமும் தாராளமாகத் தர வேண்டும் என்பது அவர் காரணம். இடிதாங்கிக்கும் காப்புரிமை வாங்கவில்லை. லண்டனில் ஓர் இரும்பு வியாபாரி அடுப்பைக் கொஞ்சம் மாற்றி உரிமை வாங்கிக் காசு பார்த்தார்.

ஆனால் அடுப்பு சரியாக வேலை செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புகையைக் கீழே இறக்கி மறுபடி மேலே ஏற்றும் வழி வைத்தார். தீ நன்றாகப் பிடிக்காவிட்டால் புகை அறைக்குள்ளேயே வரும். பிறகு ரிட்டன்ஹவுஸ் என்பவர் அந்த வழியை மாற்றிய பின்புதான் பரவலானது. "பிராங்கிளின் அடுப்பு" என்று பெயர் மட்டும் இவரோடு நின்றுவிட்டது.

ஜூன் 18

புகழ்ந்துகொண்டே போகிறேன். மனசுக்குச் சரியாகப் படவில்லை.

1721-ல் பாஸ்டனில் பெரியம்மை பரவியது. அம்மைப்பாலைக் கீறி வைத்தால் காக்கும் என்பதை காட்டன் மேதர் என்ற பாதிரியார் கேட்டறிந்தது ஒனெசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமையிடம். அப்போது புதிதாகப் பத்திரிகை ஆரம்பித்த அண்ணன் ஜேம்ஸ் அந்த முறையைத் தாக்கி அச்சிட்டார். பெஞ்சமினுக்கு 15 வயது, அந்தப் பக்கங்களுக்கு எழுத்துக் கோத்த கைகளில் அவருடையதும் ஒன்று. 1736-ல் அவருடைய நாலு வயது மகன் பிரான்சிஸ் அம்மையில் இறந்தான். குத்த நினைத்திருந்தார், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று தள்ளிப்போட்டார். குத்தியதால்தான் இறந்தான் என்று ஊர் பேசியபோது, இல்லை, குத்தாததால் என்று தன் பத்திரிகையிலேயே எழுதினார். கடைசிவரை அந்த வருத்தம் போகவில்லை. எந்த அறிவும் நேரத்துக்குக் கைகொடுக்காத இடம் அது.

அடிமைகள். வீட்டில் வைத்திருந்தார். அவருடைய பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரமும், ஓடிப்போனவர்களைப் பிடித்துத் தரச் சொல்லும் விளம்பரமும் வந்தன. தானே ஓடிவந்தவர்! இதை நான் எத்தனை முறை யோசித்தும் சமாதானம் ஆகவில்லை. 1787-ல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத் தலைவரானார், 1790 பிப்ரவரியில் அடிமை முறையை ஒழிக்கக் கோரும் மனுவில் கையெழுத்திட்டு காங்கிரசுக்கு அனுப்பினார். ஏப்ரல் 17 அன்று, 84 வயதில் இறந்தார். திருந்தினார், ஆனால் ரொம்பத் தாமதமாக.

மனைவி டெபோராவும் மனதில் நிற்கிறார். பிராங்கிளின் வீட்டில் இடிதாங்கிக் கம்பியோடு மணிகளைக் கட்டி வைத்திருந்தார், மேகம் வந்தால் தானே அடிக்கும். இவர் லண்டனில் இருக்கையில் அந்தச் சத்தம் பயமாக இருக்கிறது என்று அவர் எழுத, இரண்டு மணிக்கும் நடுவே ஒரு கம்பியைக் கட்டிவிடு, சத்தமில்லாமல் போய்விடும் என்று பதில் எழுதினார். அந்த அம்மா கடல் தாண்டவே இல்லை. 1764-ல் லண்டன் போனவர் 1775-ல்தான் திரும்பினார். டெபோரா 1774 டிசம்பரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஜூன் 20

"அரசியல் பக்கம் ஒன்றும் சொல்லவில்லையே" என்று ஒருவர். எனக்கு அதில் ஆழம் குறைவு, சுருக்கமாக. 1776 சுதந்திரப் பிரகடனம், 1778 பிரான்சோடு ஒப்பந்தம், 1783 பாரிஸ் அமைதி ஒப்பந்தம், 1787 அரசியலமைப்பு, நான்கிலும் அவர் கையெழுத்து இருக்கிறது. 1776 டிசம்பரில் 70 வயதில் உதவி கேட்டு பிரான்சில் போய் இறங்கியபோது, அவரை அங்கே யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. மார்லியில் அந்தக் கம்பியை நட்டு 24 வருஷம் ஆகியிருந்தது. மின்னலுக்காக மதித்தவர்கள்தான் கடனுக்கும் கப்பலுக்கும் கதவைத் திறந்தார்கள்.

இன்னொன்று, தபால் அதிகாரியாக இருந்தபோது. இங்கிலாந்திலிருந்து வரும் தபால் கப்பல்கள் வியாபாரக் கப்பல்களைவிட இரண்டு வாரம் தாமதம் ஏன் என்று புகார். அவர் அறிஞர்களிடம் போகவில்லை. நான்டக்கெட் தீவின் திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவர், சொந்தக்காரர் ஃபோல்ஜரைக் கேட்டார். நடுக்கடலில் ஒரு நீரோட்டம் ஓடுகிறது, எங்களுக்குத் தெரியும், தபால் கப்பல்காரர்களிடம் சொன்னோம், மீனவன் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறார்கள் என்றார் அவர். அந்த வளைகுடா நீரோட்டத்தை ஃபோல்ஜரை வைத்தே வரையச் சொல்லி அச்சிட்டார். பிறகு ஒவ்வொரு கடல் பயணத்திலும் வெப்பமானியைக் கடலில் இறக்கி அளந்தார். கடைசியாக 1785-ல், 79 வயதில்.

ஜூன் 24

நேற்று மகளோடு சேர்ந்து எண்ணெய்ச் சோதனை செய்தோம். 1757-ல் கப்பலில் போகும்போது இரண்டு கப்பலின் பின்னால் மட்டும் தண்ணீர் வழவழப்பாக இருப்பதைப் பார்த்தார் பிராங்கிளின். சமையல்காரர்கள் எண்ணெய்த் தண்ணீரைக் கொட்டியிருப்பார்கள் என்று கப்பல் தலைவர் சொன்னார், இதுகூடத் தெரியாதா என்கிற தொனியில். பல வருஷம் கழித்து லண்டன் கிளாபம் குளத்தில் எண்ணெய் ஊற்றிப் பார்த்தார். முதலில் அலை பெரிதாக இருந்த பக்கம் ஊற்ற, காற்று திருப்பிக் கரைக்கே தள்ளிவிட்டது. காற்று வருகிற பக்கம் போய் ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகாமல் ஊற்றினார். அரை ஏக்கர் கண்ணாடி மாதிரி ஆனது. அப்புறம் மூங்கில் கைத்தடியின் மேல் கணுவுக்குள் எண்ணெய் அடைத்து எடுத்துக்கொண்டே நடந்தார்.

நாங்கள் மாடி சிமென்ட் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அசையாமல் நின்றதும் முகப்பவுடரை லேசாகத் தூவினோம். ஈர்க்குச்சி நுனியை நல்லெண்ணெயில் தொட்டு, துடைத்துவிட்டு, நடுவில் வைத்தாள். பவுடர் நாலாபக்கமும் சரேலென்று விலகி ஓடி, சுவரோரமாகப் போய் ஒட்டிக்கொண்டது. துடைத்த குச்சி! கையில் எண்ணெய் தெரியவே இல்லை.

கணக்கும் போட்டோம். தேக்கரண்டி 5 மில்லி. அரை ஏக்கர், அதாவது 50 சென்ட், ஏறக்குறைய 2000 சதுர மீட்டர். அப்படியென்றால் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஒரே ஒரு மூலக்கூறு கனம்! பிராங்கிளின் இந்த வகுத்தலைப் போடவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் ரேலி என்ற இங்கிலாந்து விஞ்ஞானி போட்டார், ஜெர்மனியில் தன் சமையலறையில் ஆக்னஸ் போக்கல்ஸ் என்ற பெண் இந்தப் படலங்களை அளந்தார். அவருக்கும் கல்லூரிப் படிப்பு கிடைக்கவில்லை.

ஜூன் 25

மகள் திருத்திவிட்டாள். நாற்பதாயிரம் இல்லை, நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு சைபரை விட்டுவிட்டேன். இரண்டரை நானோமீட்டர்.

ஜூன் 27

"பையன் இப்போது உங்கள் குறிப்புகளை எனக்கு முன்பே படித்துவிடுகிறான், ஆனால் சேருவதைப் பற்றி வாய் திறக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு நேராகவே சொல்கிறேன்.

தம்பி, பள்ளிக்கூடம் கிடைக்காத அந்த மனிதர் 1749-ல் உட்கார்ந்து ஒரு பள்ளிக்குத் திட்டம் எழுதினார். 1751-ல் வகுப்பு தொடங்கியது, அதுதான் இன்றைய பென்சில்வேனியா பல்கலைக்கழகம். உயிலில், என் முதல் எழுத்தறிவு பாஸ்டனின் இலவசப் பள்ளிகளால் வந்தது என்று எழுதி, அந்தப் பள்ளிகளுக்கு 100 பவுன் வைத்தார், அதன் வட்டியில் பிள்ளைகளுக்கு வெள்ளிப் பதக்கம் கொடுக்கச் சொல்லி. 8 வயதில் ஒரே வருஷம் உட்கார்ந்த பள்ளியை 80 வயதுக்கு மேலும் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு வீட்டில் எர்த் குழி வேலை இருக்கிறது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. காலை 7 மணிக்கு, வெயில் ஏறுவதற்குள். பழைய சட்டை போட்டுக்கொள், கரி ஒட்டும். டெஸ்டரில் நீயே அளந்து பார்க்கலாம், தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை. ஒரு நோட்டும் கொண்டு வா.